ஓரெஸ்ட் கொவால் வீட்டிலிருந்த வேலைநாட்கள்

அமைச்சராக இருந்த ஒருவரை ‘அவன்’ என்று எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனால் ஓரெஸ்ட் கொவாலும் நானும் டோப்ரின் பள்ளிக்கூடத்தில் ஒரே அடுப்பைச் சுற்றி ஈரக் கையுறைகளைக் காயவைத்தவர்கள். அவனுக்கு இரண்டு வகுப்பு கீழே நான். பிறகு பதினேழு வருஷம் அவனுடைய தொகுதி அலுவலகத்தை நடத்தியதும் நான்தான். மாகாணத் தலைநகர் ரெஜைனாவில், சட்டமன்றத்தில், அவன் மாண்புமிகு. இங்கே எனக்கு அவன் அவன்தான். பிடிக்காதவர்கள் வேறு யாராவது எழுதுவதைப் படிக்கலாம்.

அவன் அரசியலுக்கு வந்ததே நாற்காலி போடப் போய்த்தான். அப்போது எங்கள் வட்டார சபைக்கு கிரேடர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கோடையில் சரளைச் சாலையைச் சமன்படுத்துவான், குளிர்காலத்தில் பனியைத் தள்ளுவான். தள்ளுகிற பனியை யார் வீட்டு வாசலிலும் குவிக்காமல், வாசல் வரும்போது தகட்டைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு போவான். இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் ஒரு ஜனவரி மாதம் இருந்து பார்க்க வேண்டும்.

கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் கர்லிங் விளையாட்டுக்கூடத்தில் நடந்தது. உக்ரைனிலிருந்து கனடாவுக்கு வந்த எங்கள் தாத்தாக்கள் கோதுமை விதையோடு இரண்டு கோயில்களையும் கொண்டுவந்திருந்தார்கள். கத்தோலிக்கர்கள் ஓர் ஆளை முன்மொழிந்தார்கள், ஆர்த்தடாக்ஸ்காரர்கள் இன்னோர் ஆளை. மூன்று முறை எண்ணியும் சரிசமம். காப்பி ஆறிப்போய், ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தபோது பின்னாலிருந்து ஒரு கிழவர், “ரெண்டு பேரும் வேணாம்யா, நாற்காலி போட்டவனை நிறுத்துங்க” என்றார். ஓரெஸ்ட் கத்தோலிக்கன். அவன் மனைவி இரேனா ஆர்த்தடாக்ஸ். அவர்கள் வீட்டில் டிசம்பரிலும் கிறிஸ்துமஸ் உண்டு, ஜனவரியிலும் உண்டு. இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டுக் கை தூக்கியது. தேர்தலில் நாற்பத்துமூன்று ஓட்டில் ஜெயித்தான். அந்த நாற்பத்துமூன்று பேர் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களும் அதை மறக்கவிட்டதில்லை.

இரேனா தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். குழந்தை இல்லை. தேர்தல் முடிந்த அன்று என்னிடம், “நாலு வருஷம்தானே அட்லீன், கண்ணை மூடிக்கிட்டு ஓட்டிடலாம்” என்றாள். நாலு எட்டானது, எட்டு பன்னிரண்டானது. ஒவ்வொரு தடவையும் அவன், இதுதான் கடைசி என்றான். ஒவ்வொரு தடவையும் ஊர் அவனை விடவில்லை. ஊர் என்று பொதுவாகச் சொல்கிறேனே, அதில் நானும் சேர்த்திதான்.

அவன் வாரம் இப்படிப் போகும். ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினால் நாலு மணி நேர ஓட்டம். திங்கள் முதல் வெள்ளி வரை ரெஜைனா. வெள்ளி இரவு வீடு. சனிக்கிழமை? சனிக்கிழமை என்னுடையது. அலுவலகச் சுவரில் தானியக் கம்பெனி கொடுத்த பெரிய நாட்காட்டி தொங்கும். ஐம்பதாவது கல்யாண நாள், சவ அடக்கம், ஹாக்கி கூடத் திறப்பு, பள்ளிப் பிள்ளைகளின் கன்றுக்குட்டிக் கண்காட்சி என்று பச்சை மையில் நிரப்புவேன். இலையுதிர் காலம் வந்தால் கோயில் நிலவறைகளில் வான்கோழி விருந்துகள். ஒரே நாளில் மூன்று விருந்து வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டானா என்று பெண்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஞாயிறு காலை கோயில், அதன்பிறகு வீட்டு வாசலில் குறை சொல்ல வந்தவர்களின் வண்டிகள். அவர்கள் போவதற்கும் மூன்று மணி ஆவதற்கும் சரியாக இருக்கும்.

இரேனா சண்டை போடுகிறவள் இல்லை. குத்திக்காட்டுகிறவள். “உனக்கு அவன் கிடைக்கிறான், சாமியாருக்குக் கிடைக்கிறான், கன்னுக்குட்டிக்குக்கூடக் கிடைக்கிறான். எனக்கு அவன் சட்டைதான் கிடைக்குது, துவைக்கறதுக்கு” என்பாள். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு அடுத்த சனிக்கிழமையில் இன்னொரு சவ அடக்கத்தை எழுதுவேன்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ரெஜைனாவிலிருந்து ஃபோன் செய்வான். பேசுவதற்கு அதிகம் இருக்காது. என்ன சாப்பிட்டாய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அவ்வளவுதான். பிறகு, ஃபோனை வைக்காதே, மேஜைமேல் வைத்துவிட்டு நீ வேலையைப் பார் என்பானாம். அவள் பாத்திரம் கழுவுவாள். தண்ணீர் ஓடுவதையும் தட்டு தட்டோடு இடிப்பதையும் அவன் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு தடவை நான் அங்கே இருந்தபோது அது தெரியாமல் ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டேன். இரேனா என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது.

பதினோராவது வருஷம் அவனை நெடுஞ்சாலை அமைச்சராக்கினார்கள். கிரேடர் ஓட்டியவன் அமைச்சரானது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஒரே மாதத்தில் அந்தப் பெருமை போய்விட்டது. நெடுஞ்சாலையிலிருந்து டோப்ரினுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் சரளைச் சாலை. மழை பெய்தால் களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. அமைச்சர் நம்மாள், அடுத்த கோடையில் தார் விழுந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். அவன் பட்டியலில் எங்கள் சாலையைக் கடைசியில் வைத்தான். தன் ஊருக்குப் போட்டுக்கொண்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். “சொந்த வீட்டுக்கு வழி போடத் துப்பில்லாதவன் மாகாணத்துக்கே ரோடு போடுறானாம்” என்று காப்பிக் கடையில் அவன் காதுபடவே பேசினார்கள். அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “உங்க முறை வரும்” என்றான். இந்த ஆளிடம் இது ஒரு வியாதி. விதி என்றால் விதி. சட்டமன்ற விதிப்புத்தகத்தை, அவன் அப்பா ஜெபப்புத்தகத்தைக் கட்டிவைத்ததுபோலத் துணியில் சுற்றி வைத்திருந்தான்.

பதினேழாவது வருஷம் பிப்ரவரியில் இரேனாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் மாதக் கணக்கில் பேசாமல் வாரக் கணக்கில் பேசினார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சமையலறைக்குப் பக்கத்து அறையில் கட்டில் போட்டோம். ஓரெஸ்ட் ராஜினாமா செய்யத்தான் போனான். ஆனால் அந்த வருஷம் அரசாங்கம் இரண்டே ஓட்டு பெரும்பான்மையில் ஊசலாடிக்கொண்டிருந்தது. முதல்வர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஜூனில் பட்ஜெட் நிறைவேறும்வரை இருந்துவிட்டுப் போ என்று கேட்டார். இவனும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, மத்தியான சாப்பாட்டு நேரத்தில் இரேனாவுக்கு சூப் கொண்டுபோனேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

“நாட்காட்டி உன்கிட்டதானே இருக்கு?” என்றாள்.

“ஆமா.”

“எனக்கு ஒரு வேலைநாள் எழுதிக் குடு. சனி ஞாயிறு வேணாம், அது ஊரோடது. ஒரு செவ்வாயோ புதனோ, எதுவா இருந்தாலும் சரி. கல்யாணநாள், சாவு ஒண்ணும் இல்லாத நாள். அவன் சும்மா வீட்ல கிடக்கணும். அவ்வளவுதான்.”

அந்தச் சனிக்கிழமைகளையெல்லாம் வாரி வாரிக் கொடுத்தவள் நான். அன்று அவன் ஃபோன் செய்தபோது அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அவனிடம் சொன்னேன். “எல்லாருக்கும் லீவ் ரத்து பண்ணிட்டாங்க” என்றான். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் நானும் இரேனாவும் டிவியில் சட்டமன்றக் கேள்வி நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்க்கட்சியில் கார்னெட் டீஸ்டேல் எழுந்தான். தென்மேற்கிலிருந்து வந்த மாட்டுப் பண்ணைக்காரன், நெடுஞ்சாலைத் துறையைக் குடைவதே அவன் வேலை. அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“டோப்ரின் சாலையில் இந்த வாரம் மூன்று பள்ளிப் பேருந்துகள் சேற்றில் சிக்கின. அமைச்சருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு வேலைநாளில் அவர் அந்தச் சாலையில் தன் வீட்டுக்குப் போய் எத்தனை வருஷமாகிறது?”

அந்தப் பக்கத்தில் சிரித்தார்கள். ஓரெஸ்ட் எழுந்தான். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தான்.

“உறுப்பினர் பொய் சொல்கிறார்” என்றான்.

அந்த அவையில் ஒருவரை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், பொய் சொல்கிறார் என்று மட்டும் சொல்லக்கூடாது. சபாநாயகர் அதைத் திரும்பப் பெறச் சொன்னார். ஓரெஸ்ட் இதுவரை குரல் உயர்த்திய ஆளில்லை என்பதால் மெதுவாகத்தான் சொன்னார். ஓரெஸ்ட் நின்றுகொண்டே இருந்தான். சபாநாயகர் இரண்டாம் முறை கேட்டார். முதல்வர் திரும்பி இவன் கோட்டைப் பிடித்து இழுத்தது டிவியில் தெரிந்தது.

“மாட்டேன், ஐயா” என்றான் ஓரெஸ்ட்.

அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொகுதியைச் சொல்வார்கள், பதவியைச் சொல்வார்கள். சபாநாயகர் பெயரைச் சொல்லிவிட்டால் வெளியே போ என்று அர்த்தம். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அவையில் ஓரெஸ்ட் கொவால் என்ற பெயரைக் கேட்டோம். சொன்னதைத் திரும்பப் பெறும்வரை அவையில் இடமில்லை என்றார் சபாநாயகர். ஓரெஸ்ட் அவருக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே நடந்தான்.

இரேனா தலையணையில் சாய்ந்து எழ முயன்றாள்.

“உருளைக்கிழங்கு எத்தனை இருக்குன்னு பாரு” என்றாள்.

“இப்ப எதுக்கு?”

“ஆளு வர்றான்டி. இன்னிக்குப் புதன்கிழமை.”

ஆறரைக்கு வந்தான். கதவுப் பிடி வரைக்கும் வண்டியில் சேறு, முழங்கால் வரைக்கும் அவன்மேல் சேறு. கோட்டைக் கழற்றாமல் அறை வாசலில் நின்றான்.

“என்னாச்சு?” என்றாள் இரேனா, ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

“வெளிய போகச் சொல்லிட்டாங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“மன்னிப்புக் கேக்கற வரைக்கும்.”

அவள் சிரித்தாள். சிரிப்பில் வலி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலி அடங்கியதும், “அப்ப கேக்காதே” என்றாள்.

நான் சமையலறைக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை முதல்வர் கூப்பிட்டார். ஓரெஸ்ட் ஒரு கையில் உருளைக்கிழங்கும் ஒரு கையில் கத்தியுமாக, தோளில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு பேசினான். சாயங்காலத்துக்குள் மன்னிப்புக் கேட்காவிட்டால் பதவி போய்விடும் என்றார் போலிருக்கிறது. “ஆமாங்க. தெரியுங்க. இல்லீங்க, முடியாது” என்று மூன்றே பதில்தான் சொன்னான். வெள்ளிக்கிழமை வேறொருவர் நெடுஞ்சாலை அமைச்சரானார். அதை வானொலியில் கேட்டுவிட்டு ஓரெஸ்ட் என்னிடம் உப்பு ஜாடி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டான்.

வேண்டுமென்றே செய்தாயா என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். “முதல் தடவை கோபம், அட்லீன். சபாநாயகர் ரெண்டாவது தடவை கேட்டாரே, அப்ப யோசிச்சேன்” என்றான். வாக்குக் கொடுத்த இடத்திலிருந்து அவனாக எழுந்து வர முடியாது. விதியே பிடித்து வெளியே தள்ளினால் வரலாம். இப்படிக் கணக்குப் போடுகிறவனை என்ன செய்வது? பிப்ரவரியிலேயே வந்திருக்கலாமே, பாவி.

அந்த நாட்களில் அவர்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காலையில் தபால் நிலையத்திலிருந்து யாராவது ஊர் வம்பைக் கொண்டுவருவார்கள். அவன் பேப்பரைச் சத்தமாகப் படிப்பான். அவள் பாதியில் தூங்கிவிடுவாள், அவன் நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். மத்தியானம் அவள் கட்டிலிலிருந்தே சொல்லச் சொல்ல அவன் கோசு இலையில் சோற்றைச் சுருட்டுவான், பிரிந்துபோகும். “ஸ்பூன் எங்கேன்னு கேக்கறான் பாரு, பதினேழு வருஷமா இந்த வீட்ல விருந்தாளியா இருந்துட்டுப் போயிருக்கான்” என்று என்னிடம் புகார் சொன்னாள். அவள் முகத்தில் அப்போது இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கப்பட இந்த வயதில் என்ன இருக்கிறது?

இரண்டாவது சனிக்கிழமை அவளே அவனை விரட்டினாள். யாருக்கோ ஐம்பதாவது கல்யாண நாள், போய்விட்டு வா, நாள் முழுக்கக் கூடவே இருந்து உயிரை வாங்குகிறாய் என்றாள். போனான். ஒரு மணி நேரத்தில் கேக் துண்டோடு திரும்பி வந்துவிட்டான்.

இதற்கிடையே ரெஜைனாவில் நிருபர்கள் கார்னெட் டீஸ்டேலைக் கேட்டார்கள். கொவாலின் மனைவி சாகக் கிடக்கிறாராமே, நீங்களாகவே விட்டுவிடலாமே, நீங்கள் சொன்னால் சபாநாயகர் உள்ளே விட்டுவிடுவாரே என்று. “என்னைப் பொய்யன்னு சொன்னவன் நின்னு மன்னிப்புக் கேக்கணும். அதுவரைக்கும் நான் விடறதா இல்லை” என்றான் அவன், தொப்பியைக்கூடக் கழற்றாமல். டிவியை உடைக்கலாம்போல இருந்தது எனக்கு.

ரெஜைனாவில் சட்டமன்றத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் என் தங்கைதான் ஒரு நாள் ஃபோனில், ஓட்டெடுப்பு முடிவு வித்தியாசமாக இருக்கிறது என்றாள். ஓரெஸ்ட் இல்லாமல் அரசாங்கப் பக்கம் ஓர் ஓட்டு குறைய வேண்டும், குறைகிறது. ஆனால் எதிர்ப்பக்கமும் ஒவ்வொரு தடவையும் ஒன்று குறைகிறது. கார்னெட்டின் நாற்காலி காலி. முதுகுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஓட்டெடுப்புக்கு மணி அடிக்கும்போதெல்லாம் அவன் வெளியே போய்விடுகிறானாம்.

இரேனா மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போனாள். ஓரெஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரில் விதைக் கம்பெனி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தான். அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, விழிப்பதற்காக நிறுத்தினான். பிறகு எனக்கு ஃபோன் செய்தான்.

சவ அடக்கம் திங்கட்கிழமை. கார்னெட் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தான், பூட்ஸெல்லாம் எங்கள் சேறு. கோயில் நிலவறையில் சாப்பாட்டு வரிசையில் என் பின்னால் நின்றான். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். இன்றைக்குப் பரவாயில்லை என்றான். அவன் தட்டில் நானே பரிமாறினேன். தட்டோடு போய் ஓரெஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர்கள் எதிரில்தான் நான் இருந்தேன்.

“நான் கேட்ட கேள்விக்காக...” என்று ஆரம்பித்தான் கார்னெட். “அப்ப எனக்குத் தெரியாது.”

“பரவாயில்லை.”

“அப்புறம் தெரிஞ்சுது. நீ நல்ல மனுஷன் ஆச்சே, சீக்கிரம் மன்னிப்புக் கேட்டுத் தொலைச்சிடுவியோன்னு தினமும் பயந்துக்கிட்டே இருந்தேன்.”

ஓரெஸ்ட் தலையாட்டினான். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

புதன்கிழமை அவன் ரெஜைனாவுக்குப் போனான். நான் அலுவலகத்தில் தனியாக டிவி முன்னால் இருந்தேன். அவன் இடம் பின்வரிசைக்குப் போயிருந்தது. சபாநாயகர் கூப்பிட்டதும் எழுந்தான்.

“நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். உறுப்பினர் பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பதினேழு வருஷம்.”

சபாநாயகர் நன்றி சொல்லி உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்தான். எதிர்ப்பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அலுவலக ஃபோன் அடித்தது. நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஓரெஸ்ட்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டான். மேற்கு என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஏதோ சாப்பிட்டேன் என்றான்.

“சனிக்கிழமைக்கு என்ன இருக்கு?”

நாட்காட்டியைப் பார்த்தேன். ஏப்ரல் கடைசியிலிருந்து அதில் நான் பச்சை மையைத் தொடவே இல்லை. கேட்டு வந்தவர்களையெல்லாம் திட்டித் திருப்பி அனுப்பியிருந்தேன்.

“ஒண்ணுமில்லை. ஜூன் முழுக்க ஒண்ணும் வைக்கலை. நீ வீட்லயே இரு.”



“ஏதாவது எழுது, அட்லீன்” என்றான்.

“என்ன எழுத?”

“எதையாவது. காலையிலிருந்து இருக்கற மாதிரி.”

நான் பேனாவை எடுத்தேன்.